மடத்துத் தரையில் பதித்த திருகைக் கற்கள்: மாவரைத்த கதையைப் பேசுவோம்

#1 வைகைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். பல மாதமாக மனதில் கிடக்கும் ஒன்றை இங்கே இறக்கி வைக்கிறேன்.

லண்டனுக்கு வடக்கே செயின்ட் ஆல்பன்ஸ் என்று ஓர் ஊர். ஊர் நடுவே பெரிய கிறித்தவத் துறவி மடம். நிலம் மடத்துடையது, மாவாலைகளும் மடத்துடையவை. ஊரார் தங்கள் தானியத்தை மடத்து ஆலையில்தான் அரைக்க வேண்டும், அரைக்கும் மாவில் மடத்துக்குப் பங்கு தர வேண்டும். வீட்டில் திருகை வைத்து அரைத்தால் குற்றம். 1327-ல் ஊரார் திரண்டு மடத்தை முற்றுகையிட்டுச் சில உரிமைகளை எழுதி வாங்கினார்கள். வீட்டுக்கு வீடு திருகை சுற்றத் தொடங்கியது.

நான்கே வருடம். 1331-ல் மடாதிபதி ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்ட் சட்டத்தின் வழியே ஊராரை வென்றார். வீடுகளில் இருந்த திருகைகளைக் கொண்டுவந்து ஒப்படைக்க வைத்தார். வாங்கிய கற்களை உடைக்கவில்லை, விற்கவுமில்லை. மடத்தில் விருந்தினரைப் பார்க்கும் கூடத்தின் தரையில் பாவுகல்லாகப் பதித்துவிட்டார். வருகிறவன் போகிறவன் எல்லாம் ஊர்ப் பெண்களின் திருகை மேல் கால் வைத்து நடந்தான்.

ஐம்பது வருடம் கழித்து, 1381-ல் இங்கிலாந்து முழுக்கக் குடியானவர் கிளர்ச்சி வெடித்தது. செயின்ட் ஆல்பன்ஸ்காரர்கள் மடத்துக்குள் நுழைந்ததும் செய்த வேலைகளில் ஒன்று, அந்தத் தரையைப் பெயர்த்தது. கற்களைத் துண்டு துண்டாக உடைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆசீர்வதித்த அப்பத்தைப் பங்கிடுவதுபோல் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்கள். எழுதிவைத்தவர் அதே மடத்துத் துறவி, தாமஸ் வால்சிங்ஹம். கிளர்ச்சிக்காரர் பக்கம் துளியும் சாயாத மனிதர்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அரைத்துத் தின்ன முடியாத உடைந்த கல்லை ஏன் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்? மாவாலை என்றால் பல்சக்கரம், நீர்ச்சக்கரம் என்றுதான் நாம் பேசுகிறோம். யார் கை சுற்றியது, யார் பங்கு எடுத்தார் என்பதையும் சேர்த்துப் பேசினால்தான் கதை முழுமையாகும் என்று நினைக்கிறேன். தெரிந்தவர்கள் வாருங்கள்.

#2 கூத்தன்

நல்ல இழை. ஆனால் ஒன்று புரியவில்லை. திருகை என்பது மடியளவு கல். தண்ணீர் ஆலையோ நாள் முழுக்க அரைக்கும். நல்ல வசதி பக்கத்திலேயே இருந்தால் ஜனங்கள் தாமாகவே போவார்களே? கட்டாயப்படுத்த வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது?

#3 வைகைக்கரை

கூத்தன், சரியான இடத்தில் கை வைத்தீர்கள்.

நீர் ஆலை கட்டுவது சின்னக் காரியமில்லை. ஆற்றை மறித்து அணை போட வேண்டும், ஆலை வரைக்கும் கால்வாய் வெட்ட வேண்டும், சக்கரம், தண்டு, பல்சக்கரம், கல் எல்லாம் வேண்டும். வெள்ளம் வந்தால் மறுபடி செலவு. அந்த முதல் போட முடிந்தவர் நிலப்பிரபு, இல்லையென்றால் மடம். போட்டதை எடுக்க இருந்த வழி அரைகூலி. கூலி பணமாக அல்ல, தானியத்திலேயே அள்ளிக்கொள்வார்கள். பதினாறில் ஒரு பங்கு என்பது இங்கிலாந்தில் பரவலாக இருந்த கணக்கு, இடத்துக்கு இடம் கூடும், குறையும்.

இப்போது ஊர்க்காரர் நிலையில் நின்று பாருங்கள். மூட்டையைச் சுமந்து போக வேண்டும். முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். கோடையில் தண்ணீர் வற்றினால் ஆலை நிற்கும், குளிரில் உறைந்தால் நிற்கும். ஆலைக்காரன் அளக்கிற படி ஒழுங்காக இருக்குமா என்ற சந்தேகம் தீரவே தீராது. வீட்டில் திருகை இருந்தால் ராத்திரி நாலு படி அரைத்து, காலையில் ரொட்டி சுட்டுவிடலாம். ஒரு வீட்டுத் திருகையால் மடத்துக்கு நட்டமில்லை. ஊர் முழுக்க வீட்டுக்கொன்று சுற்றினால் ஆலைக்கு வருமானம் எங்கே?

1086-ல் இங்கிலாந்தில் வில்லியம் மன்னர் எடுத்த நிலச் சொத்துக் கணக்கெடுப்பான டூம்ஸ்டே கணக்கில் சுமார் 6000 ஆலைகள் பதிவாகியிருக்கின்றன. ஒவ்வொன்றும் வரவு தரும் சொத்து என்பதால்தான் அந்தக் கணக்கில் ஏறியது.

காற்றாலை வந்தபோதும் இதே சண்டைதான். 1191-ல் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊரில் ஹெர்பர்ட் என்ற வயதான பாதிரியார் தம் நிலத்தில் காற்றாலை ஒன்றை எழுப்பினார். மடாதிபதி சாம்சனுக்குச் செய்தி போனது. அந்தக் கட்டடம் விழும்வரை ரொட்டி தின்ன மாட்டேன் என்று சபதமே போட்டுவிட்டார். ஹெர்பர்ட் போய், காற்று எல்லோருக்கும் பொதுவானதில்லையா, என் தானியத்தை மட்டும்தானே அரைக்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தார். மசியவில்லை. கடைசியில் மடத்து ஆட்கள் வருவதற்குள் கிழவர் தாமே ஆலையைப் பிரித்துப் போட்டார். ஜோசலின் என்ற துறவி இதை அப்படியே எழுதிவைத்திருக்கிறார். ஓர் ஆண்டுக் கணக்கை விட இந்த ஒரு பக்கம் எனக்கு அதிகம் சொல்கிறது.

#4 பனங்கூடல்

எல்லாரும் திருகையை விடுதலைச் சின்னம் மாதிரிக் கதைக்கிறீங்கள். அதைச் சுத்தின ஆள் ஒருத்தியும் இன்னும் இந்த இழையில கதைக்கேல்லை. நான் கதைக்கிறன்.

எங்கட அம்மம்மா வீட்டில திரிகை இருந்தது. குரக்கன், உங்கட கேழ்வரகு, அதிலதான். உழுந்து உடைக்கிறதும் அதிலதான். சாக்கை விரிச்சு, கல்லை வைச்சு, ஒரு காலை நீட்டி மற்றக் காலை மடக்கிக்கொண்டு அம்மம்மா இருப்பா. இடக்கையால ஒரு சிறங்கை தானியத்தைக் குழியில விடுவா, வலக்கை சுத்தும். நிறைய விட்டா மா பருக்கனா வரும், கொஞ்சமா விட்டா கல்லும் கல்லும் உரசும். அந்த அளவு அவவின்ர கைக்குத் தெரியும். எனக்கு ஒன்பது பத்து வயசு. எதிரில இருந்து நானும் பிடியைப் பிடிச்சுச் சுத்துவன். பத்து நிமிசத்தில தோள்மூட்டு கழண்டு போற மாதிரி இருக்கும். அம்மம்மா ஒரு மணித்தியாலம் நிப்பாட்டாமல் அரைப்பா. பின்னேரத்தில கையைத் தூக்கித் தலை சீவ அவவுக்கு ஏலாது, அம்மாதான் சீவி விடுவா.

மில் வந்த பிறகு அம்மம்மா ஒருநாளும் அந்தத் திரிகையைத் தேடேல்லை. மடாதிபதி செய்தது அநியாயம், அதில எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனா தண்ணியோ காத்தோ ஒரு மனுசியின்ர தோளில இருந்து அந்தக் கல்லை இறக்குமெண்டால், அந்த மெசினை நான் கும்பிடுவன்.

#5 நிலாமுற்றம்

பனங்கூடல் அக்கா, நீங்கள் சொன்னதற்கு எலும்பிலேயே சாட்சி இருக்கிறது.

சிரியாவில் யூப்ரடீஸ் கரையில் அபு ஹுரேரா என்ற புதைமேடு. அணைக்கட்டு நீரில் மூழ்குவதற்கு முன் 1972-73-ல் அவசரமாகத் தோண்டினார்கள். உலகின் மிகப் பழைய உழவர் குடியிருப்புகளில் ஒன்று. அங்கே கிடைத்த எலும்புகளை தேயா மோல்சன் என்ற ஆய்வாளர் பார்த்தபோது, பல பெண்களின் கால் பெருவிரல் மூட்டு தேய்ந்து உருக்குலைந்திருந்தது. முதுகெலும்பில் கீழ்ப்பக்கம் சேதம், முழங்காலில் எலும்பு புடைத்திருந்தது. இப்படி ஆக ஒருத்தி தினமும் மணிக்கணக்கில் என்ன செய்திருப்பாள்? முட்டி போட்டு, கால்விரல்களை உள்ளே மடக்கி ஊன்றி, உடம்பை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளித் தானியத்தைத் தேய்த்திருப்பாள் என்பது அவர் முடிவு.

அந்தக் காலத்துக் கல் சுற்றும் கல் இல்லை. நம் அம்மி மாதிரி என்று சொல்லலாம். கீழே நடு குழிந்த நீளக் கல், மேலே இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளும் கல். இஸ்ரேலில் கலிலேயாக் கடலோரத்தில் ஓஹாலோ என்ற இடத்தில் கிடைத்த அரைகல்லில் காட்டுப் புல் தானியங்களின் மாவுச்சத்து ஒட்டியிருந்தது. அதன் வயது சுமார் 23,000 ஆண்டு. உழவே தொடங்கவில்லை, அரைப்பது தொடங்கிவிட்டது.

தமிழ் பைபிளில் எகிப்து பற்றிய இடத்தில் 'ஏந்திரம் அரைக்கும் அடிமைப்பெண்' என்று வரும். நம் கண்ணுக்குச் சுற்றும் ஏந்திரம்தான் வரும். ஆனால் எகிப்தில் கிடைத்திருக்கும் சிலைகளைப் பாருங்கள், பெண் முட்டி போட்டுக் கல்லைத் தள்ளிக்கொண்டிருக்கிறாள். சுற்றும் கல் வந்தது வெகு பிந்தி. பழைய தடயம் ஸ்பெயினின் கிழக்குக் கரைப் பக்கம், கி.மு. 5-ஆம் நூற்றாண்டில். அதே காலத்தில் கிரேக்கர்கள் இன்னொரு வழி வைத்திருந்தார்கள். மேல்கல்லில் தானியம் கொட்டக் குழி வெட்டி, நீளக் கம்பு பொருத்தி, நின்றபடி இடமும் வலமும் ஆட்டுவார்கள். சைப்ரஸ் கரையில் கைரீனியா அருகே கடலடியில் கிடைத்த சுமார் 2300 வருடப் பழைய கப்பலில் அப்படிப்பட்ட கல் 29 இருந்தன. முட்டியிலிருந்து எழுந்து நிற்கவே அத்தனை ஆயிரம் வருடம் ஆகியிருக்கிறது.

நீர் ஆலை வந்தபோது தெசலோனிக்காவைச் சேர்ந்த ஆண்டிபேட்டர் என்ற கிரேக்கக் கவிஞர் ஒரு பாட்டு எழுதினார். ஆலைப் பெண்களே, சேவல் கூவினாலும் தூங்குங்கள், உங்கள் கை வேலையைத் தெய்வம் நீர்த்தேவதைகளிடம் ஒப்படைத்துவிட்டது என்று போகும் அதன் பொருள். அக்கா மெசினைக் கும்பிடுவேன் என்றதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

#6 கூத்தன்

அருமை. ஆனால் ரோமானியருக்கு அடிமைகள் மலிவாகக் கிடைத்ததால் நீர் ஆலையைக் கண்டுபிடித்தும் ஒதுக்கிவைத்தார்கள், இடைக்காலத்தில்தான் அது பரவியது என்று எங்கோ படித்திருக்கிறேன். அப்படியென்றால் அந்தப் பாட்டு வெறும் கனவுதானா?

#7 வைகைக்கரை

நீங்கள் படித்தது தவறான இடத்தில் அல்ல. மார்க் ப்ளோக் என்ற பெரிய பிரெஞ்சு வரலாற்றாசிரியர் 1935-ல் எழுதியது அதுதான். நீர் ஆலை பிறந்தது பழங்காலத்தில், உண்மையில் பரவியது இடைக்காலத்தில் என்றார். செயின்ட் ஆல்பன்ஸ் கதையைப் பலர் அறியச் செய்தவரும் அவரே. அவர் மேல் எனக்கு அளவு கடந்த மரியாதை. ஆனால் இந்த ஒன்றில் மண்ணுக்கடியிலிருந்து வந்த சான்று அவரைத் தாண்டிவிட்டது.

பிரான்சின் தெற்கே ஆர்ல் நகரத்துக்குப் பக்கத்தில் பார்பெகால். மலைச்சரிவில் இரண்டு வரிசை, வரிசைக்கு எட்டாக 16 நீர்ச்சக்கரங்கள். ஆலைக்கென்றே தனியாகக் கால்வாய் கொண்டுவந்து, மேலிருந்து விடும் தண்ணீர் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு அடுத்ததன் தலையில் விழும்படி கட்டியிருக்கிறார்கள். 1930-களின் கடைசியில் தோண்டிய பெர்னாண்ட் பெனுவா இதை 4-ஆம் நூற்றாண்டு என்று நினைத்தார். அடிமைகள் குறைந்த பிறகு ஆலை வந்தது என்ற வாதத்துக்கு அது ஒத்துப்போனது. பிற்பாடு மறுபடி தோண்டியபோது கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்று தெரிந்தது. ரோமப் பேரரசு உச்சத்தில் இருந்த காலம். அடிமைச் சந்தையும் இருந்தது, ஆலையும் இருந்தது.

அங்கே ஒரு மரத்துண்டு கூட மிஞ்சவில்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். நம் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, அதேபோல் சக்கரத்தின் மேலும் மரத் தொட்டியின் மேலும் படிந்துகொண்டே வந்திருக்கிறது. மரம் மக்கிவிட்டது, படிவம் நின்றுவிட்டது, மரத்தின் ரேகை கூட அதில் அச்சாக இருக்கிறது. அந்தத் துண்டுகளை அறுத்து, மரத்தின் வளையங்களைப் பார்ப்பதுபோல் அடுக்கு அடுக்காகப் பார்த்து 2018-ல் ஆய்வு வெளியிட்டார்கள். வருடாவருடம் கோடைக் கடைசியிலிருந்து இலையுதிர் காலம் வரை ஆலை நின்றிருக்கிறது. ஒரு நகரத்துக்குத் தினசரி மாவு கொடுக்கும் ஆலை என்றால் அப்படி நிற்காதே? ஆர்ல் துறைமுகத்தில் கப்பல்களுக்கு ஏற்றும் கெட்டி பிஸ்கட்டுக்கு மாவு அரைத்திருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள். குளிர்காலத்தில் கடற்பயணம் குறைவு, அதற்கு முன்பே ஆலைக்கு ஓய்வு.

ஆனால் இதனால் அடிமைகள் விடுபட்டார்கள் என்று அர்த்தமில்லை. இத்தாலியில் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பே நகரத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட ரொட்டிக்கூடங்கள். கழுதை சுற்றும் எரிமலைக் கல் ஆலைகள் இன்றும் அங்கே நிற்கின்றன. கீழே கூம்பு, மேலே இடுப்பு சிறுத்த உடுக்கை வடிவக் கல். உடுக்கையின் மேல் பாதிதான் தானியம் கொட்டும் தொட்டி. கீழ்ப்பாதி தேய்ந்தால் கல்லைத் தலைகீழாகத் திருப்பி வைத்து மறுபடி ஓட்டலாம். 2023 டிசம்பரில் அங்கே புதிதாக ஒரு ரொட்டிக்கூடம் வெளிப்பட்டதை அறிவித்தார்கள். வெளியுலகுக்குத் திறக்கும் கதவில்லை, மேலே சின்னச் சன்னல்கள், அதிலும் இரும்புக் கம்பி. கண்ணைக் கட்டிய மிருகம் தடம் மாறாமல் சுற்றத் தரைக் கல்லில் வளைவாகப் பள்ளம் வெட்டியிருக்கிறது. அந்த மிருகத்தோடு உள்ளே அடைபட்டிருந்தவர்கள் மனிதர்கள். புதைந்தது கி.பி. 79-ல். ஆண்டிபேட்டரின் பாட்டு அதற்கு முந்தையது.

#8 நிலாமுற்றம்

ரோம் பற்றிப் பேசும்போது கிழக்கு ரோமானியத் தளபதி பெலிசாரியஸை விடக்கூடாது. 537-ல் கோத் படைகள் ரோமை வளைத்துக்கொண்டு நகரத்துக்கு வரும் நீர்க்கால்வாய்களை அறுத்தன. மலைச்சரிவில் கால்வாய்த் தண்ணீரில் ஓடிய மாவாலைகள் எல்லாம் நின்றன. உள்ளே தானியம் இருக்கிறது, மாவு இல்லை. பெலிசாரியஸ் என்ன செய்தார்? டைபர் ஆற்றில் இரண்டு படகை இரண்டடி இடைவெளியில் கட்டி, நடுவே சக்கரத்தை வைத்து, படகின் மேல் கல்லை ஏற்றினார். ஆறே ஆலையானது. எதிரிகள் மேலிருந்து மரக்கட்டைகளையும் பிணங்களையும் மிதக்கவிட்டுச் சக்கரத்தை உடைத்தார்கள். ஆற்றுக்குக் குறுக்கே சங்கிலி கட்டி அதையும் தடுத்தார். படகாலை அதன்பின் ஐரோப்பிய ஆறுகளில் பல நூற்றாண்டு மிதந்தது.

#9 மில்லுக்காரர்

வணக்கமுங்க. நான் முப்பது வருசமா மாவு மில்லு ஓட்டறவன். அப்பாவும் அதேதானுங்க. நீங்கல்லாம் சக்கரத்தைப் பத்தியே பேசறீங்க. தண்ணி சுத்தினா என்ன, கழுதை சுத்தினா என்ன, கரண்ட் சுத்தினா என்ன, மாவு வர்றது கல்லுலதானுங்க. அதச் சொல்லலாம்னு வந்தேன்.

ரெண்டு கல்லும் ஒண்ணையொண்ணு தொடவே கூடாதுங்க. நிறையப் பேருக்கு இது தெரியாது. தொட்டா பொறி பறக்கும், கல்லு மண்ணு மாவுல விழும், சாப்பிடறவங்க பல்லு போயிரும். நடுவுல கொஞ்சம் அகலமாவும், ஓரத்துக்கு வர வர காகிதம் நுழையற அளவுக்கும் சந்து இருக்கணும். நடுவுல விழுற தானியம் மொதல்ல உடையும், அப்பறம் நொறுங்கும், ஓரத்துல வர்றப்ப மாவாயிரும். மொத்தக் கல்லும் ஒரே மட்டமா இருந்தா தானியம் நகராது, சூடாகி மாவு கருகின வாசம் அடிக்கும். அதுக்குத்தான் கல்லுல வாய்க்கா வெட்டறது. நடுவுல ஆழம், ஓரத்துல மேலாப்புல. அந்த வாய்க்கா வழியா மாவும் வெளிய வரும், காத்தும் உள்ள போகும். மேல்கல்லு வாய்க்காலும் கீழ்கல்லு வாய்க்காலும் சுத்தறப்ப ஒண்ணுக்கொண்ணு கத்திரி மாதிரி வெட்டிக்கும். இதச் சரியாப் போட்டவனுக்குத்தான் தவிடு பெருசா, மாவு பூவா வரும்.

கல்லு மழுங்குனா தூக்கிப் போட்டுக் கொத்தணும். அப்பா என்ன பண்ணுவாருன்னா, நேரான மரச்சட்டத்துல காவியைத் தடவிக் கல்லு மேல இழுப்பாரு. எங்க செவப்பு ஒட்டுதோ அங்க மேடு. அந்த இடத்த மட்டும் உளி வெச்சுக் கொத்துவாரு. காலைல உக்காந்தா பொழுது சாயறவரைக்கும். கண்ணுல துணி கட்டிக்க மாட்டாரு, ரெண்டு தடவ கண்ணுல சில்லு விழுந்துச்சு.

மாவு சரியா இருக்குதான்னு பாக்கறதுக்கு இன்னிக்கும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல தேச்சுத்தான் பாக்கறேன். நறநறன்னா கல்லைக் கொஞ்சம் எறக்கணும். வழவழன்னு ஒட்டுனா சூடு ஏறிருச்சுன்னு அர்த்தம், தூக்கணும்.

#10 வைகைக்கரை

மில்லுக்காரர் ஐயா, உங்கள் அப்பாவின் காவிச் சட்டத்தைப் படித்ததும் சிலிர்த்துவிட்டது. இங்கிலாந்து ஆலைக்காரர்கள் அச்சு அசலாக இதையே செய்திருக்கிறார்கள். மரச்சட்டம், சிவப்புக் காவி, மேட்டில் ஒட்டும் கறை, கொத்து உளி. யாரும் யாருக்கும் கடிதம் எழுதிச் சொல்லவில்லை, கல்லே இரண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறது. ஊர் ஊராகப் போய்க் கல் கொத்துபவர்களின் கையில் எஃகுச் சில்லுகள் ஏறித் தோல் கறுத்திருக்குமாம். புதிதாக வேலை கேட்டு வருகிறவனிடம் கையைக் காட்டச் சொல்வார்கள், கறுப்பு இருந்தால் தொழில் தெரிந்தவன்.

கல்லுக்காகவும் உலகம் அலைந்திருக்கிறது. ஜெர்மனியின் மாயன் பகுதி எரிமலைக் கல், ரோமர் காலத்திலிருந்தே ரைன் நதி வழியாகப் போயிருக்கிறது. பிரான்சில் லா ஃபெர்ட்டே-சூ-ஜுவார் என்ற ஊர்க் கல்லுக்கு அத்தனை மவுசு. பெரிய ஒரே பாளமாகக் கிடைக்காததால் துண்டுகளைச் செதுக்கிப் பொருத்தி, ஜிப்சச் சாந்து பூசி, வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை மாட்டுவதுபோல் காய்ச்சிய பட்டையை மாட்டி இறுக்குவார்கள். அமெரிக்கா வரைக்கும் கப்பலில் போனது.

#11 கூத்தன்

நம் ஊர்க் கேள்வி ஒன்று. காவிரி, தாமிரபரணி எல்லாம் ஓடியும் நம் பக்கம் நீர் ஆலை ஏன் இல்லை?

#12 நிலாமுற்றம்

என் கருத்து இது. நமக்குச் சோறுதான் சாப்பாடு. நெல்லுக்கு உமி போனால் போதும், மாவாக வேண்டாம். அதற்கு உரலும் உலக்கையும்தான் கருவி. குத்தும்போது பாட வள்ளைப்பாட்டு என்று தனியாக ஒரு பாட்டு வகையே சங்க இலக்கியத்தில் இருக்கிறது. கோதுமையோ அரைத்தால்தான் ரொட்டி, ஆகவே கோதுமை தின்னும் ஊரில் ஆலை உயிர்நாடி. இமயமலை ஊர்களில் இன்றும் ஓடைத் தண்ணீரில் கராட் என்ற சின்ன ஆலைகள் சுற்றுகின்றன. சக்கரம் படுக்கையாக இருக்கும், ஒரே தண்டு நேராக மேல்கல்லைச் சுற்றும், பல்சக்கரமே வேண்டாம். கொஞ்சம் தெற்கே வந்தால் ஔரங்காபாத் பஞ்சக்கி. ஊற்றிலிருந்து மண்குழாய் வழியாகக் கொண்டுவந்த தண்ணீரில் ஓடி, தர்காவில் தங்குவோருக்கு மாவு அரைத்த ஆலை.

நம்மிடம் நீர் ஆலை இல்லை என்பதால் பங்கு எடுப்பவரும் இல்லை என்று நினைக்க வேண்டாம். சோழர் கல்வெட்டுகளில் எண்ணெய்ச் செக்குக்கு 'செக்கிறை' என்று வரி இருக்கிறது. சுற்றும் கல் எங்கே இருந்தாலும் கணக்கர் வந்துவிடுகிறார்.

அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அமெரிக்காவில் ஆலிவர் எவன்ஸ் 1780-களில், மூட்டையை மனிதன் தோளில் ஏற்றாமல் வாளித் தொடரும் திருகு உருளையுமே தானியத்தையும் மாவையும் மாடிக்கு மாடி கொண்டுபோகும்படி ஆலை அமைத்தார். லண்டனில் 1786-ல் நீராவியால் ஓடும் ஆல்பியன் ஆலை வந்தது, 1791-ல் எரிந்தது. அதைப் பார்த்துச் சிறு ஆலைக்காரர்கள் பாலத்தில் கூத்தாடினார்கள். பிறகு புடாபெஸ்ட் பக்கமிருந்து இரும்பு உருளைகள் வந்தன, 1870-களில் மெக்வார்ட் என்ற பொறியாளர் அதைச் செம்மையாக்கினார். கல் ஓய்ந்தது. வெள்ளை மாவு மலிந்தது, தவிடும் முளைக்கருவும் தனியே போயின.

#13 மில்லுக்காரர்

உருளை மில்லு பெருசுங்க, எங்கள மாதிரி ஆளுங்களுக்கு ஆகாது. ஆனா ஒண்ணு சொல்லணும். நீங்க அமெரிக்கான்னதும் ஞாபகம் வந்துச்சு. மினியாபொலிஸ்ல 1878-ல மாவுத் தூசு தீப்பிடிச்சு வெடிச்சு பெரிய மில்லே தரைமட்டம், 18 பேரு செத்தாங்கன்னு படிச்சிருக்கேன். மாவு வெடிக்குமான்னு சிரிப்பாங்க. எங்க மில்லுல வாசப்படி தாண்டி ஒருத்தன் பீடியோட வந்தா அவன் யாரா இருந்தாலும் நான் சத்தம் போடுவேன். காத்துல பறக்கற மாவு வெடிமருந்து மாதிரிங்க.

மடத்துக்காரரு பங்கு எடுத்த கதையப் படிச்சேன். எனக்கும் கூலி வாங்கறப்ப ஒரு மாதிரி இருந்துச்சு. எங்க அப்பா ஒரு பழக்கம் வெச்சிருந்தாரு. மொத ஆளு மாவு அரைச்சு முடிஞ்சதும் கல்லுல ஒட்டி நிக்கற மாவையெல்லாம் தொடப்பத்துல தள்ளி அந்த ஆளு பாத்திரத்துலயே போட்டுட்டுத்தான் அடுத்த ஆளுக்குக் கொட்டுவாரு. 'கல்லுல நிக்கறதும் அவியளுதுதாண்டா'ன்னுவாரு. நானும் அப்படியேதான் பண்றேன்.

அம்மிணி, பனங்கூடல்ங்கறவங்க. அந்தத் திருகை இன்னும் இருக்குதுங்களா? இருந்தா மேல்கல்லைத் திருப்பிப் பாருங்க. வாய்க்கா வெட்டியிருக்கா, வெறும் புள்ளிக் கொத்தான்னு சொல்லுங்க. கைப்பிடிக் குழி எத்தனைன்னும் எண்ணிப் பாருங்க.

#14 வைகைக்கரை

பைபிளில் உபாகமத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. திரிகையின் அடிக்கல்லையோ மேற்கல்லையோ அடகாக வாங்கக்கூடாது, அது உயிரை அடகு வாங்குவது போன்றது என்று. மேற்கல் ஒன்றை மட்டும் எடுத்தாலும் கீழ்க்கல் வெறும் பாறை. அன்று இரவே அந்த வீட்டில் அடுப்பு எரியாது. செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தில் இந்த வரியைத் தினமும் ஓதக்கூடியவர்கள் இருந்தார்கள்.

அந்த மடாதிபதி ரிச்சர்ட் சாதாரண ஆள் இல்லை. கொல்லர் மகன். பெரிய கணித அறிஞர், வானியல் கடிகாரம் ஒன்றை வடிவமைத்தவர், ஐரோப்பாவின் முதல் இயந்திரக் கடிகாரங்களில் அது ஒன்று. பல்சக்கரத்தின் மீது உயிரையே வைத்திருந்த மனிதர். தொழுநோயோடு அவதிப்பட்டுக்கொண்டே அத்தனையும் செய்தார். அவரை வெறுக்க எனக்கு மனம் வரவில்லை, அந்தத் தரையை மன்னிக்கவும் மனம் வரவில்லை.

1381 ஜூலையில் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய வில்லியம் கிரிண்ட்காப்பைத் தூக்கிலிட்டார்கள். எழுதி வாங்கிய உரிமைகள் எல்லாம் பறிபோயின. அந்தக் கல் துண்டுகள் எந்தெந்த வீட்டு மாடத்தில் இருந்தனவோ.

#15 பனங்கூடல்

தம்பியிட்டச் சொல்லி நேற்றுப் பின்வளவுக்குப் போகச் சொன்னன். கிணத்தடியில தோய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில மண்ணுக்குள்ள பாதி புதைஞ்சு கிடந்ததாம். கழுவிப் படம் எடுத்து அனுப்பினவன்.

ஐயா, வாய்க்கால் இல்லை. புள்ளிக் கொத்துதான், ஓரத்தில அதுவும் தேஞ்சு கண்ணாடி மாதிரி மினுங்குது. நடுவில மட்டும் இன்னும் சொரசொரப்பு. கைபிடிக் குழி ரெண்டு. ஒண்டு விளிம்பு உடைஞ்சு வெளியால திறந்திட்டுது, அதுக்கு நேர் எதிர்ப்பக்கம் புதுசா இன்னொண்டு தோண்டியிருக்கு. புதுசெண்டு சொல்லுறன், அதுவும் ஒரு பக்கம் நல்லாத் தேஞ்சு போச்சு.

அம்மாட்டக் கேட்டன். உடைஞ்ச குழி அம்மம்மான்ர அம்மா சுத்தினதாம். மற்றது அம்மம்மான்ரயாம்.

தம்பி அதைத் திரும்பக் கிணத்தடியில போடேல்லை. கழுவி விறாந்தையில வைச்சிருக்கிறான்.